குறிப்பிடத்தகாத வண்டி

பெறுநர்: விக்கிப்பீடியாவில் எது இருக்கலாம், எது போகலாம் என்று தீர்ப்புச் சொல்லும் தன்னார்வலப் பெருமக்கள்
பொருள்: நடமாடும் ஒலிப்பதிவு நிறுவனங்களை உள்ளே விடுவது தொடர்பாக

பெருமதிப்புக்குரியீர்,

சம்பளம் வாங்காமல் ராப்பகலாகக் காவல் காக்கும் உங்களை முதலில் கும்பிட்டுக்கொள்கிறேன். நீங்கள் இல்லாவிட்டால் நேற்றுக் கடை திறந்தவர் இன்றைக்கே ‘முன்னணி நிறுவனம்’ என்று தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதிக்கொள்வார். இப்போதும் எழுதத்தான் செய்கிறார். நீங்கள் ஏழு நாள் விசாரணை வைத்துத் தூக்கிப் போடுகிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனு லாரிகளைப் பற்றியது. மணல் லாரி இல்லை. மிக்ஸிங் கன்சோல், டேப் மெஷின், ஸ்பீக்கர் என்று ஒரு ஸ்டூடியோவையே சக்கரத்தின் மேல் ஏற்றி, கச்சேரி நடக்கும் அரங்கத்தின் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற லாரி. மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கின் ஒயரும் ஸ்பிளிட்டர் பெட்டி ஒன்றில் கிளை பிரியும். ஒரு கிளை அரங்கத்து ஸ்பீக்கருக்குப் போகும், இன்னொன்று லாரிக்கு வரும். எர்த் சரியாக இல்லையென்றால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கச்சேரி முழுக்கத் தம்பூரா போடும். மேடை விளக்குகளின் டிம்மரும் தன் பங்குக்கு ரீங்கரிக்கும். டேப் காலத்தில் இதற்கு மேல் ஒரு தலைவலி இருந்தது. 2,500 அடி நாடா, நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 17 நிமிடம்கூடத் தாங்காது. பாடகர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது ‘நாடா தீர்ந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்’ என்று போய்ச் சொல்ல முடியுமா? ஆகவே இரண்டு மெஷின்கள். ஒன்று முடிவதற்குள் மற்றதை ஓடவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடிய அந்தச் சிறு பகுதியை வைத்துத்தான் பிறகு ஒட்டுப் போடுவார்கள். கேட்கிறவருக்கு ஒட்டு தெரிந்துவிட்டால் வேலை கெட்டது.

உங்கள் சட்டம் இங்கேதான் இடிக்கிறது. ஆள் இருந்ததே தெரியாமல் வேலையை முடிப்பதுதான் இந்தத் தொழிலில் திறமை. உங்கள் விதிப்படி தகுதி என்பதோ, சம்பந்தமில்லாத நம்பகமான மூன்றாமவர் நம்மைப் பற்றி விரிவாக எழுதியிருப்பது. கச்சேரி ராத்திரியில் எந்த நிருபர் பின்வாசலுக்கு வந்து லாரியைப் பேட்டி எடுத்தார்? நாடா அறுந்து, பதிவு பாழாகி, விவகாரம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் எழுதியிருப்பார்கள். ஒழுங்காக வேலை செய்தவன் வெளியே நிற்கிறான். சொதப்பியவன் நான்கு நாளிதழ்க் கத்தரிப்புகளைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம்.

ஒழுங்காக நடந்த வேலைக்கு ஓர் உதாரணம்: 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காக ஜார்ஜ் ஹாரிசனும் ரவி சங்கரும் ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்தினார்கள். ரவி சங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா. மூவரும் சுருதி சேர்த்து நிறுத்தியதும் கூட்டம் பாட்டு முடிந்ததாக நினைத்துக் கைதட்டிவிட்டது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவி சங்கர் சொன்ன குசும்பு பதிலை இன்றைக்கும் கேட்டுச் சிரிக்கலாம். காரணம், ரெக்கார்ட் பிளான்ட் நிறுவனத்தின் நடமாடும் கருவிகள் அப்போது 16 டிராக்கில் ஓடிக்கொண்டிருந்தன. பதிவு செய்தவர் கேரி கெல்கிரென். மூன்று தட்டுத் தொகுப்பாக வந்த அந்தப் பதிவுக்கு 1973இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருதும் கொடுத்தார்கள்.

உங்கள் களஞ்சியத்தில் ஹாரிசனுக்கு இடம் உண்டு. ரவி சங்கர், அந்த அரங்கம், ஆல்பம், விருது எல்லாவற்றுக்கும் உண்டு. ரெக்கார்ட் பிளான்ட் பெரிய வீட்டுப் பிள்ளை, அதற்கும் உண்டு. ஆனால் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டி இதே வேலையைச் செய்த சின்ன நிறுவனத்தின் கதி என்ன? அதன் பெயர் ஆல்ப உறைகளின் முதுகில், பூதக்கண்ணாடிக்குத் தெரியும் எழுத்தில் இருக்கும். உறைகளை அடுக்கிக்கொண்டு வந்தால் ‘போகிற போக்கில் சொன்னது, கணக்கில் வராது’ என்பீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தைக் காட்டினால் ‘சொந்த வீட்டுச் சாட்சி செல்லாது’. பெரிய பெரிய பாடகர்களோடு வேலை செய்திருக்கிறதே என்றால், புகழ் என்ன ஒட்டுவாரொட்டியா என்று மடக்குவீர்கள். மூன்றும் நியாயமான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் பாடகருக்கு மட்டும் நீங்கள் ஒரு பக்கவாசல் வைத்திருக்கிறீர்கள். பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறினாலோ, பெரிய விருது வாங்கினாலோ அவர் குறிப்பிடத்தக்கவராக இருக்கக்கூடும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏறிய அதே சத்தத்தைப் பிடித்துக் கொடுத்த நிறுவனத்துக்கு அப்படி ஒரு சந்துகூடக் கிடையாது. விளம்பரக்காரர்கள் உங்களைப் படுத்திய பாட்டில், நிறுவனங்களுக்கான விதியை நீங்கள் இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டீர்கள்.

ஒரு லாரி உங்கள் வாசலில் ராஜமரியாதையோடு நுழைந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டூடியோ. அதற்குத் தனிக் கட்டுரையே உண்டு, இருக்கவும் வேண்டும். லெட் செப்பெலின் குழு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸைப் போட்டு, மாடிப்படியில் மைக்கைத் தொங்கவிட்டு, ஒயரை வெளியே நின்ற இந்த லாரிக்குத்தான் இழுத்தது. டீப் பர்ப்பிள் குழுவின் கதை இன்னும் விசேஷம். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ காசினோவில் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரி நடந்தது. கூட்டத்தில் யாரோ தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்து போனது. அதே காசினோவில் ஆல்பம் பதிவு செய்ய டீப் பர்ப்பிள் வந்து காத்திருந்தது. கடைசியில், குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடையில் வாசித்தார்கள். லாரி வெளியே குளிரில் நின்றது. வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி, வெளியே போய் லாரிக்குள் ஏற வேண்டும். இரண்டொரு முறை போய்ப் பார்த்தவர்கள் சலித்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டு நன்றாக வரும்வரை வாசித்துத் தள்ளினார்கள். எரிந்த காசினோவைப் பற்றி அவர்கள் போட்ட ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டில் இந்த லாரியும் வருகிறது. வண்டி இப்போது கனடாவின் கால்கரி நகரில் தேசிய இசை மையத்தில் இருக்கிறது.

ஆக, தகுதி பெற விரும்பும் லாரிகளுக்கு வழி தெளிவாகிவிட்டது. முதலாளி ரோலிங் ஸ்டோன்ஸாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு காசினோ எரிய வேண்டும். அதைப் பற்றி ஒரு பாட்டு வந்து, அந்தப் பாட்டில் லாரிக்கும் ஓர் இடம் கிடைத்து, பாட்டு உலகம் முழுக்க ஓட வேண்டும். இத்தனையும் உள்ளவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

உங்கள் தராசைக் குறை சொல்லவில்லை. முள் சற்றே தாமதமாக ஆடும், அவ்வளவுதான். 2018 மே மாதம் டோனா ஸ்டிரிக்லண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றிய வரைவு, சான்று போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், அன்றைக்கே கட்டுரையும் வந்துவிட்டது. லாரிக்காரர்களுக்கு நோபல் பரிசு கிடையாது என்பதுதான் இங்கே சிக்கல்.

2012இல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் தன் நாவலின் பாத்திரம் யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்ற தகவலைத் திருத்த வந்தார். எழுதியவரே சொன்னாலும் போதாது, இரண்டாம் நிலைச் சான்று வேண்டும் என்றீர்கள். அவர் ‘நியூ யார்க்கர்’ இதழின் இணையதளத்தில் உங்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வெளியானதால் அதுவே சான்றாகிவிட்டது. சட்டம் தெரிந்த மனிதர்! நானும் அதே வழியில் ஏதாவது ஒரு சின்ன நிறுவனத்தின் பெயரை இங்கே போட்டுவிடலாமா என்று பார்த்தேன். போட்டால் விளம்பரம் என்பீர்கள். போடாததால் இந்தக் கடிதம் யாருக்கும் சான்றாகாது.

இந்த வழக்கு லாரிக்கும் முந்தியது. 1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கருவியை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலில் கல்கத்தா வந்து, நவம்பரில் பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்தார். பாடி முடித்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சடிக்கிறவர்கள் ஆள் மாற்றி லேபிள் ஒட்டிவிடக் கூடாதே என்பதற்காக. பாட்டைப் பிடித்த ஒலிப்பதிவுக் குழாய்க்குப் பின்னால் நின்றவரின் பெயரை யாரும் அறிவிக்கவில்லை. கைஸ்பர்க் நாட்குறிப்பும் நினைவுக் குறிப்புகளும் எழுதிவைத்ததால் தப்பித்தார். அதுகூட உங்கள் கணக்கில் சொந்த வீட்டுச் சாட்சிதான்.

என் கோரிக்கை பெரிதல்ல. ஆல்ப உறையைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அச்சிட்டது லாரிக்காரன் இல்லை, இசைத்தட்டு நிறுவனம். இடம் போதாத அந்த அட்டையில் ஒருவனுக்கு ஒரு வரி ஒதுக்கினார்கள் என்றால் முகஸ்துதிக்காக ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பல நிறுவனங்களின் உறைகளில் பல வருஷமாகப் பெயர் வந்தவனுக்குக் கட்டுரை கொடுங்கள். தன் இணையதளத்தை மட்டும் நீட்டுகிறவனை வழக்கம்போல் அனுப்பிவிடுங்கள். கட்டுரைதான் முடியாது என்றால், ஆல்பம் பக்கங்களின் ஓரத்தில் நீங்கள் போடும் தகவல் பெட்டியில் அரங்கத்துக்கு ஒரு வரி, ஸ்டூடியோவுக்கு ஒரு வரி இருக்கிறதே, பின்வாசலில் நின்ற வண்டிக்கும் ஒரு வரி சேருங்கள்.

நீக்க முன்மொழிந்த கட்டுரைக்கு ஏழு நாள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் நீக்கிவிடலாம் என்பது உங்கள் வழக்கம். என் மனுவுக்கும் அதே ஏழு நாள் தருகிறேன். ஆட்சேபம் வராவிட்டால் அந்த வரியை நானே சேர்த்துவிடுவேன். யாரும் தொகுக்கலாம் என்று நீங்கள்தானே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
கணக்குத் தொடங்காத ஒரு வாசகன்