எதுல வந்தீங்க?

"எதுல வந்தீங்க?" என்று அவர் கேட்டால், பதில் சொன்னதோடு தப்பித்துவிட முடியாது. பைக், பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ என்று நீங்கள் எதைச் சொன்னாலும் அது அவர் காதில் விழப்போவதில்லை. உங்கள் பதில் முடிந்ததும் கொஞ்சம் சும்மா நிற்பார். "நீங்க?" என்று நாம் திருப்பிக் கேட்பதற்காக ஒதுக்கப்பட்ட நேரம் அது. கேட்காவிட்டால் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவார். அப்போதும் கேட்காவிட்டால், குனிந்து வலது கால் பேன்ட்டைச் சுற்றியிருக்கும் ஒட்டுப்பட்டையை 'பர்ர்' என்று பிரிப்பார். லிஃப்ட் மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் யாராவது ஒருவர் மனம் இளகிக் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள்.

"நானா? சைக்கிள்தான்" என்பார், ஏதோ வற்புறுத்திக் கேட்டதால் சொல்கிறவர் மாதிரி.

அதற்குமேல் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் பிரயோஜனமில்லை.

சைக்கிளில் ஆபீஸ் வரத் தொடங்கியவர்கள் எல்லோருமே இப்படித்தான். தனிப்பட்ட யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. இது ஒரு வகை. இந்த வகையினர் அனைவரும் நங்கநல்லூரில் குடியிருப்பார்கள். கிண்டியில் வேலை பார்ப்பார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதும் நேராக சைக்கிள் கடைக்குப் போயிருப்பார்கள். எல்லோருடைய ஹெல்மெட்டும் மஞ்சள் நிறம்.

கேள்வி ஆபீஸோடு நின்றால்கூடப் பரவாயில்லை. போன ஆவணியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையேறி மொய்க் கவரைக் கொடுத்து, கை குலுக்கிய கையை விடாமலேயே மாப்பிள்ளையைக் கேட்டார்: "மண்டபத்துக்கு எதுல வந்தீங்க?" மாப்பிள்ளை பாவம், "கார்ல சார்" என்றான். "ஓ… கார்" என்று அவர் அனுதாபத்தோடு தலையசைத்ததைப் பார்த்தால், பெண்ணைப் பற்றி ஏதோ குறை சொல்லிவிட்டார் என்று தூரத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறோம். அவர் சும்மா நிற்கிறார். மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணப்பெண்தான் புத்திசாலி, "அங்கிள் நீங்க?" என்றாள். ஆல்பம் வந்தபோது பார்த்தேன். எல்லோரும் பட்டும் பளபளப்புமாக நிற்க, அவருடைய வலது கால் பேன்ட் மட்டும் கணுக்காலில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்க மறந்துவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது.

சாவு வீடும் விலக்கல்ல. எங்கள் பிரிவில் ஒருவருடைய அப்பா தவறிப்போய் மேற்கு மாம்பலம் போயிருந்தோம். மாலையைப் போட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஒழுங்காகத்தான் நின்றார். பிறகு மெதுவாக, "கண்ணம்மாபேட்டை சுடுகாட்டுக்கு எதுல எடுத்துட்டுப் போறீங்க?" என்றார்.

"வேன் சொல்லியிருக்கு சார். பன்னெண்டு மணிக்கு."

"பன்னெண்டுக்கா? அந்த நேரத்துல உஸ்மான் ரோடு வழியா நாலு சக்கரம்னா…"

நான் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மேற்கொண்டு என்ன யோசனை சொல்லவிருந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பைக்கில் சறுக்கிக் கால் முறிந்த நண்பரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். "எதுல கொண்டுவந்தாங்க?" என்றார். 108-இல் என்றார் நண்பர், வலியோடு. எவ்வளவு நேரம் ஆனது? இருபது நிமிஷம் இருக்கும். இவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "அதே இடத்துலேருந்துதான் நானும் இப்ப வர்றேன். பதினாலு நிமிஷம்."

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதம் 600 ரூபாய் பெட்ரோல் மிச்சம் என்று நோட்டுப் போட்டு எழுதிவருகிறார். சைக்கிளின் விலை 38,000 அந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆடிட்டர் யாராவது கேட்டால்தான் உண்டு. ஐ.நா. சபை 2018-இல் ஜூன் 3-ஐ உலக சைக்கிள் நாளாக அறிவித்ததிலிருந்து அந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக வாழ்த்து வருகிறது. நெதர்லாந்தில் மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம் என்ற செய்தியும் கூடவே வரும். நெதர்லாந்தில் சித்திரை வெயில் உண்டா என்று கேட்டால் பதில் வராது.

அந்த 38,000 ரூபாய் சைக்கிள் ஒருநாள் ஆலந்தூரில் பங்சரானது. எனக்குப் போன் வந்தது. போனபோது பங்சர் கடைக்காரர் முன்சக்கரத்தின் வால்வை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்பாயிண்ட் ரீஃபில் மாதிரி மெலிசாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருந்தது. பிரெஸ்டா வால்வாம். திருகைத் தளர்த்தி ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். அதற்கும் ஒரு பித்தளை அடாப்டரைப் போட்டால்தான் நம் ஊர்க் கடைகளின் பம்ப் அதில் பொருந்தும். கடைக்காரர் டியூபை எடுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டு எல்லாம் முடித்துவிட்டார். ஒட்டுப் போட்ட டியூபுக்குக் காற்றுத்தான் ஏறவில்லை. "நான் தொழிலுக்கு வந்து முப்பது வருஷமாச்சு சார். இது நம்ம வால்வு இல்ல" என்றார். இவர் முகத்தில் ஓடிய பெருமையை மறைக்கவே முடியவில்லை. முன்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

"எதுல வந்தீங்க?" என்று அவர் கேட்காத ஆட்களும் உண்டு. எங்கள் வாட்ச்மேன் ஆதம்பாக்கத்திலிருந்து கறுப்பு ஹெர்குலிஸில், கேரியரில் டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு, இவர் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறாரோ என்று தோன்றுமளவுக்கு நிதானமாக வருகிறார். அவரைக் கேட்டதில்லை. கேட்டால் "சைக்கிள்ல" என்று சொல்லிவிடுவார். அப்புறம் அந்தப் பேச்சு எங்கே போகும்?

ஹவுஸ்கீப்பிங் அக்காவைத்தான் தெரியாமல் கேட்டுவிட்டார்.

"பஸ்லதான் சார்."

"சைக்கிள் கத்துக்கலாமேம்மா. இந்த வயசுல எப்படின்னு யோசிக்காதீங்க."

அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சார். அறிவொளி வந்தப்பவே கத்துக்கிட்டாச்சு. கலெக்டரம்மாவே எல்லாரையும் ஓட்டச் சொன்னாங்கல்ல. லேடீஸ் சைக்கிள் எங்க கெடச்சுது? ஜென்ட்ஸ் சைக்கிள்தான். முன்னால பார்ல பெரியவன ஒக்கார வச்சி, பின்னால தண்ணிக்கொடத்தக் கட்டிக்கிட்டுப் போவேன்."

கலெக்டரம்மா என்றது ஷீலாராணி சுங்கத்தை. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊரையே வலம் வந்தார்கள். ஜென்ட்ஸ் சைக்கிளே வசதி, பாரில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் எங்கள் மூன்றாம் மாடியில் மாப்போடு நிற்கிறார் என்பதில் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம்மவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கியர் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அதான்."

எது அதான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அக்கா விடவில்லை. "ஓட்டத் தெரியாமயா சார் பஸ்ல வர்றேன்? இங்க எங்க ஓட்டுறது? கத்திப்பாராவுலயா?"

இதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு ஆகாதது. "மனசு இருந்தா போதும்மா" என்றார். மேடவாக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் வருகிற பெண்ணிடமும் இதையேதான் சொன்னார். மனசாம். ஜி.எஸ்.டி. சாலையில் ஓரமாகப் போ என்கிறார்கள். ஓரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, அதைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் எதிர்த்திசையில் ஹாரன் அடித்தபடி வருகிற பைக். ஆண்டுதோறும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் இலவச சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. கொடுத்ததை எந்தச் சாலையில் ஓட்டுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. சில சாலைகளில் நடைபாதை அகலமானதும் உண்மை. அகலமான நடைபாதையில் இப்போது பைக்குகளை நிறுத்துகிறார்கள். இதையெல்லாம் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு வருகிற ஒரே ஆள் எங்கள் ஆபீஸில் அவர்தான். அவரோ எங்கள் மனசைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

கோபமாக எழுதுகிறேன். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மடிப்பாக்கத்தில் கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். கேட்டில் யாரோ பெல் அடிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மஞ்சள் ஹெல்மெட். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். முதுகுப் பையில் பால் பாக்கெட்டுகள், எங்களுக்கும் எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கும். என் மனைவி பதறிப்போய், "ஐயோ, இந்தத் தண்ணியில எதுல சார் வந்தீங்க?" என்றாள்.

அவர் கேட்காமலே ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். மனிதருக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு "சைக்கிள்லதாம்மா" என்றார். அதன்பின் அந்தப் பாலில் போட்ட காபி ஆறி ஆடை கட்டுகிறவரைக்கும் வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வேறு, ஆபீஸ் குளியலறை வேறு. எங்கள் மாடியில் இருப்பது ஒன்றுதான். காலை ஒன்பதே காலுக்கு உள்ளே போகிறவர் ஒன்பதே முக்காலுக்கு வெளியே வருகிறார். பவுடர் வாசனை அக்கவுண்ட்ஸ்வரை வருகிறது. ஈரத்துண்டு பிரின்டர்மேல் காய்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நிர்வாகத்திடம் சொன்னோம். பத்து நிமிஷத்துக்குமேல் உபயோகிக்கக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டினார்கள். அவர் அசரவில்லை. வியர்வையோடு சீட்டில் உட்கார முடியாது என்பதால்தான் யாரும் சைக்கிளில் வருவதில்லை, ஆகவே இரண்டாவதாக ஒரு குளியலறை கட்டித்தர வேண்டும் என்று மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். நியாயமான கோரிக்கை என்பதால் முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். இரண்டாவது கட்டினால் முதலாவது எங்களுக்குக் கிடைக்கும்.