வியன்னா வரைக்கும் முதுகைப் பாத்துக்கிட்டா?

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுதது. உங்க அத்தைக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு. வாய்வலி மட்டும் இன்னும் வரக்காணோம்.

எம் மவ போன்ல சொன்னா. வார ஜூலை லீவுக்கு நீங்க நாலு பேரும் மியூனிக்லருந்து ரயிலேறி பாசாவு போயி, அங்கருந்து வியன்னா வரைக்கும் டான்யூப் ஆத்தங்கரையோட சைக்கிள்லயே போறீயளாம். அதுவும் ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால உக்காந்து மிதிக்கிற டாண்டெம் சைக்கிளாம். ஒண்ணுல நீங்களும் சின்னவளும், இன்னொண்ணுல எம் மவளும் பெரியவனும். கேட்டதும் எனக்கு ஒரே சந்தோசம். கார் இருக்கு, ரயில் இருக்கு, அந்த ஆத்துல கப்பல் கூட ஓடுதாம். இத்தனையும் இருக்கையில துட்டுக் கொடுத்துக் கால்வலிய வாங்கப் போறீயளே, இதுக்குத்தான் மனுசன் பெரிய படிப்புப் படிக்கணும்ங்கிறது.

நான் முப்பத்தெட்டு வருசம் வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தவன். மணிக்கு நாலணா. கோட்டம் எடுக்க, பஞ்சர் ஒட்ட, செயின் மாட்டன்னு கையெல்லாம் கறுப்பாவே இருந்துச்சு. ஆனா ரெண்டு பேரு மிதிக்கிற வண்டிய நான் கண்டதில்ல. எங்க காலத்துல டபுள்ஸ் போறதே குத்தம். முக்குல நிக்கிற போலீஸ்காரர் வால்டியூப்பப் பிடுங்கிக் கையில கொடுத்துட்டு, "உருட்டிக்கிட்டுப் போல"ம்பாரு. அதே குத்தத்த அங்க கம்பெனி வச்சுச் செஞ்சு விக்கான். முன்னால இருக்கவருக்குக் கேப்டன்னு பேராம், பின்னால இருக்கவருக்கு ஸ்டோக்கர்னு பேராம். ஸ்டோக்கர்னா யாருன்னு விசாரிச்சேன். ரயில் எஞ்சின்ல கரி அள்ளிப் போடுதவனாம். ஆக, ஏழு வயசுப் பிள்ளைய கரி அள்ளுத வேலைக்குக் கூட்டிட்டுப் போறீய. சம்பளம் உண்டா, இல்ல வெறும் சோத்துக்குத்தானா?

நீங்க போட்ட திட்டத்தையும் எம் மவ அனுப்பிவிட்டா. பக்கத்து வீட்டுப் பய போன்ல பெருசாக்கிக் காட்டினான். அடேயப்பா, கட்டம் போட்டு, கலர் அடிச்சு, கலெக்டர் ஆபீஸ்ல கூட அப்படி ஒரு காயிதத்தப் பாத்ததில்ல. மொத்தம் 320 கிலோமீட்டர் சொச்சம், ஆறே நாளு, நாளைக்கு 53 கிலோமீட்டர். 10.40-லருந்து 10.50 வரைக்கும் தண்ணி குடிக்க. ஒண்ணேகாலுக்குச் சாப்பாடு. எல்லாம் இருந்துச்சு மாப்பிள்ளை. ஒண்ணுக்குப் போறதுக்கு மட்டும் எந்தக் கட்டத்துலயும் இடத்தக் காணோம். சின்னவளுக்கு அது 10.40-க்கு வராது, நீங்க சரியான வேகத்துல போய்க்கிட்டு இருக்கையிலதான் வரும்.

பாதையில குறை சொல்ல ஒண்ணுமில்ல. பாசாவுல மூணு ஆறு கூடுதாம். டான்யூப், இன், இல்ஸ். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறமாம், இல்ஸ் கறுத்த தண்ணி, இன் பனிமலையிலருந்து வார வெளுத்த பச்சை. நம்ம சீவலப்பேரி முக்கூடல் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அங்கருந்து வியன்னா வரைக்கும் ஆறு இறங்குறதே 150 மீட்டருக்குள்ளதான். காத்தும் பெரும்பாலும் மேக்கருந்து கிழக்க அடிக்குமாம்; முதுகப் பிடிச்சுத் தள்ளிவிடும். ஏத்தமும் கம்மி, எதிர்க்காத்தும் கம்மி. அதனாலதான் பிள்ளைகுட்டிக்காரங்க அந்தப் பாதைக்குப் போறாக.

இன்னொரு சங்கதி கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நீங்க போற பாதையில நெறைய இடம் பழைய குதிரைப் பாதையாம். எஞ்சின் வாரதுக்கு முந்தி, கிழக்கருந்து மேக்க படகு ஏறணும்னா, கரையில குதிரைகளக் கட்டிக் கயிறு போட்டு இழுத்துட்டுப் போவாகளாம். அந்தக் குதிரை நடந்த தடத்துலதான் நீங்க மிதிக்கப் போறீய. ஒரே ஒரு வித்தியாசம். குதிரைக்குக் கொள்ளு வச்சவன், அது களைச்சா அவுத்து விட்டுருவான்.

இனி வண்டிக்கு வாரேன், அது என் தொழில். டாண்டெம்ல ரெண்டு பெடல் கட்டைக்கும் நடுவுல ஒரு சங்கிலி ஓடும். முன்னால சுத்துனா பின்னாலயும் சுத்தும், முன்னால நின்னா பின்னாலயும் நிக்கும். ஏழு வயசுக்காரி காலு எட்டாதேன்னு யோசிச்சேன். அதுக்கும் வழி வச்சிருக்கான். சீட்டுக் குழாயில மேல தூக்கி இன்னொரு பெடல் செட்டப் பூட்டி, அதுக்குத் தனிச் சங்கிலி கொடுத்துருதானாம். நம்ம ஊருல என்ன செஞ்சோம்? பெரிய சைக்கிள்ல பாருக்கு அடியில ஒரு கால நுழைச்சு, உடம்பக் கோணி, அரைப்பெடல் அடிச்சு முட்டியப் பேத்துக்கிட்டோம். இங்க பிள்ளை சைக்கிளுக்குத் தக்கன வளைஞ்சுது. அங்க சைக்கிளு பிள்ளைக்குத் தக்கன வளையுது. அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு. அந்தப் புத்திய உங்க கட்டம் போட்ட காயிதத்துக்கும் கொஞ்சம் காட்டப்படாதா?

ஆறு நாளு வேண்டாம், பத்து நாளாக்குங்க. நாளைக்கு 32 கிலோமீட்டர். லீவு பத்தலன்னா பாதித் தூரம் போயிட்டு ரயிலேறிருங்க. வியன்னா எங்கயும் ஓடிப் போகாது, அது ராசாக்க இருந்த ஊரு, காத்திருந்து பழக்கம்.

இன்னும் ரெண்டு மூணு சொல்லுதேன். நீங்க படிச்சவுக, கேக்கணும்னு இல்ல.

பின்னால இருக்க பிள்ளைக்கு ரோடு தெரியாது. குழி வந்தா அதோட இடுப்புக்குத்தான் முதல்ல தெரியும். அதனால வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டே போங்க. குழி வருது, திரும்புதேன், பிரேக் போடுதேன், கியர் மாத்துதேன். ஆபீஸ்ல ஏழு பேருக்கு மேலதிகாரின்னு மவ சொன்னா. அங்க சொல்லாமச் செய்யலாம். இங்க சொல்லாம பிரேக் போட்டீயன்னா பிள்ளை மூக்கு உங்க முதுகுல. புறப்படும்போது நீங்க ரெண்டு காலையும் அகட்டி ஊனி வண்டியப் பிடிச்சுக்கிடணும், அவ ஏறி உக்காந்து பெடல்ல கால் வச்ச பொறவு, ரெண்டு பேரும் ஒண்ணுபோல மிதிக்கணும். இத வீட்டுப் பக்கத்துலயே நாலு சாயங்காலம் பழகிட்டுப் போங்க. வண்டி நீளம், சட்டுனு திரும்பாது. பழைய கூட்டு வண்டின்னு நினைச்சுக்கிடுங்க. ரெண்டு ஆளு பாரம்ங்கிறதால காலையில காத்து அமுக்கிப் பாக்காம நகரப்படாது.

ஆஸ்திரியாவுல பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், 2011-லருந்து சட்டம். பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டுட்டு நீங்க முடி கலையாமப் போகலாம்னு பாக்காதீய. பெரியவன் கேள்வி கேப்பான், அவன் எங்க வம்சம்.

முக்கியமானது இது. பின் சீட்டுல சாய்மானம் கிடையாது. மத்தியானம் சாப்பிட்ட பொறவு, ஆத்துக்காத்து, சக்கரச் சத்தம், பெடல் தன்னால சுத்தும். சின்னப் பிள்ளை அப்படியே கண்ணசந்துரும். பின்னால பாட்டுச் சத்தமோ கேள்விச் சத்தமோ நின்னுச்சுன்னா, வண்டிய நிறுத்திருங்க. கேள்வி நின்னா நிம்மதின்னு நினைச்சுராதீய.

இப்ப நான் சொல்ல வந்தத சொல்லிருதேன். உங்க திட்டத்துல ஆறு, மலை, கோட்டை எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா அதெல்லாம் யாருக்குத் தெரியும்? உங்களுக்கு. பின்னால இருக்க எம் பேத்திக்கு முன்னால என்ன தெரியும்? உங்க முதுகு. கோவிச்சுக்கிடாதீய மாப்பிள்ளை, கல்யாணத்துல பட்டுச் சட்டையோட பாத்தத வச்சே சொல்லுதேன், அது ஒண்ணும் 320 கிலோமீட்டர் பாத்துக்கிட்டு வாரதுக்கான காட்சி இல்ல.

அதனால ஒண்ணு, பிள்ளைய முன்னால சாய்ஞ்சாப்ல உக்கார வச்சு, பெரியவுக பின்னால இருந்து ஓட்டுத வண்டி உங்க ஜெர்மனியிலயே செய்யுதாகளாம், பினோன்னு பேரு. வாடகைக்குக் கிடைக்குதான்னு பாருங்க. இல்லன்னா, நின்னு நின்னு போங்க. நிக்கையிலதான் அவளுக்கு ஊர் தெரியும். ஷ்லோகன்ங்கிற இடத்துல ஆறு போன வழியே திரும்பி வாரமாதிரி வளையுதாம். அங்க சைக்கிள ஏத்துத குட்டிப் படகு இருக்காம். அதுல ஒருவாட்டி போயிட்டு, பிள்ளை கேட்டா இன்னொருவாட்டி போயிட்டு வாங்க. மெல்க்குல மலைமேல மஞ்சள் மடம். அதத் தாண்டி வாஹாவ் பள்ளத்தாக்கு, ஜூலையில ஆப்ரிகாட் பழுக்குமாம். வில்லன்டார்ஃப்னு ஒரு ஊரு. 1908-ல அங்க தோண்டுனப்ப ஒரு கல் பொம்மை கிடைச்சுதாம். 11 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்ல. 25,000 வருசத்துக்கும் மேல அந்தம்மா மண்ணுக்குள்ள பொறுமையா இருந்திருக்கா, நீங்க ஒரு அரைமணி நேரம் நிக்கப்படாதா? பொறவு டியூர்ன்ஸ்டைன் கோட்டை. இங்கிலாந்து ராசா ரிச்சர்ட 1192-ல பிடிச்சு அங்கதான் அடைச்சு வச்சாகளாம். அவரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிரணும்னு வேசம் போட்டுக்கிட்டுப் போனவர்தான். பெரியவனுக்குச் சொல்லுங்க, நீங்களும் கொஞ்சம் கேட்டுக்கிடுங்க.

கடைசியா ஒரு ரகசியம். அந்தச் சங்கிலியில ஒரு கள்ளத்தனம் இருக்கு. பின்னால இருக்கவுக அழுத்தாம, சும்மா பெடல்ல கால வச்சிருந்தாலும் கால் சுத்திக்கிட்டேதான் இருக்கும். பாக்குறவுகளுக்கு மிதிக்கிறமாதிரியே இருக்கும். ஏத்தம் வந்தாத்தான் குட்டு உடையும். நாலாம் நாளு உங்களுக்குத் தொடை எரியும், சந்தேகம் வரும். "மிதிக்கியா, சும்மா வாரியா"ன்னு சின்னவளக் கேக்கத் தோணும். கேக்காதீய.

உங்க வீட்டுக்காரிக்கு அஞ்சு வயசா இருக்கையில, கழுகுமலைத் தேருக்குக் கூட்டிட்டுப் போனேன். கேரியர்ல உங்க அத்தை, பாருல பூட்டுன குட்டிச் சீட்டுல எம் மவ. ஏழு மைலு, பங்குனி வெயிலு. ரெண்டு கையாலயும் ஹேண்டில்பாரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. கோயில் வாசல்ல இறங்கி, தேர் பாக்க வந்த சொந்தக்காரங்ககிட்ட எல்லாம், "நாந்தான் ஓட்டிட்டு வந்தேன், அப்பா சும்மா மிதிச்சாக"ன்னு சொன்னா. உங்க அத்தை சிரிச்சுட்டா. நான் துண்ட எடுத்து முகத்தத் தொடச்சுக்கிட்டு, "ஆமாத்தா, நீதான் ஓட்டுன"ன்னேன்.

இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு அது பொய்யின்னு தெரியாது. நீங்களும் சொல்லிராதீய. அந்த நம்பிக்கையிலதான் அவ மியூனிக் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்திருக்கா.