இழுக்கும், தாங்குமா?

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று 475 குதிரைகள் தேவைப்பட்டன. நிஜக் குதிரையைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிற மனிதர். ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்து, ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவர். அவர் இதுவரை இழுத்ததிலேயே பெரிய பாரம், ஏர்போர்ட்டில் என் மாமியார் கொண்டுவந்து இறக்கிய 23 கிலோ பெட்டிகள்.

எல்லாம் ஒரு டிரெய்லர் வீட்டால் வந்தது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் ‘ஃபிஃப்த் வீல்’ டிரெய்லரை ஏதோ கண்காட்சியில் பார்த்துவிட்டார். பம்பருக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன ரகம் இல்லை இது. பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே, பின் அச்சுக்கு மேலே பூட்டி இழுக்க வேண்டும். சாமான் ஏற்றினால் 12,000 பவுண்டு, கிட்டத்தட்ட ஐந்தரை டன். “பிக் பெண்ட் நேஷனல் பார்க் மலையடிவாரத்துல விடிகாலைல எந்திரிச்சு, நம்ம அடுப்புல தோசை ஊத்தலாம்” என்றார். ஊற்றப்போவது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் வண்டி வரட்டும்.

டெக்சாசில் பிக்கப் பார்க்கப் போவது நம் ஊரில் பட்டுப்புடவை எடுக்கப் போவது மாதிரிதான். குடும்பத்தோடு போக வேண்டும், எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும், விலையைக் கேட்டதும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. மாமியாரும் கூட வந்தார். இங்குள்ள கிங் ரான்ச் என்ற பெரும் பண்ணையின் பெயரிலேயே ஃபோர்டு ஒரு மாடல் விற்கிறது. இருக்கைத் தோலில் அந்தப் பண்ணையின் மாட்டுச் சூட்டு முத்திரையும் உண்டு. மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து துண்டை எடுத்து விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். விற்பனையாளர் அதை ஏதோ விரதம் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் டொயோட்டா பக்தர். இந்த விஷயத்தில் அவரைக் கடவுள் கைவிட்டார். டொயோட்டா தன் டன்ட்ராவை இதே டெக்சாசில், சான் ஆன்டோனியோவில்தான் தயாரிக்கிறது. ஆனால் அது ‘அரை டன்’ என்கிற இலகு வகை. அதற்கு மேலே முக்கால் டன், ஒரு டன் என்று போனால் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம், இந்த மூவர் கடைதான். அமெரிக்கர்களின் பிக்கப் சந்தை இப்படி உள்ளூர்க்காரர் கையிலேயே இருப்பதில் கோழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டார்கள். கோபம் வந்த ஜனாதிபதி ஜான்சன், பதிலுக்கு வெளிநாட்டு பிராந்திக்கும் உருளைக்கிழங்கு மாவுக்கும் வரியை ஏற்றி, சின்ன டிரக்குகளுக்கு 25 சதவீதம் தீட்டினார். 1964இல் அமலுக்கு வந்தது. பிராந்திக்குப் பின்னாளில் விமோசனம் கிடைத்துவிட்டது. டிரக்குக்குக் கிடைக்கவில்லை.

கடைகளில் எங்கள் காதில் விழுந்ததெல்லாம் இழுவை எண் ஒன்றுதான். 18,000 பவுண்டு இழுக்கும், 20,000 இழுக்கும். மைலேஜ் கேட்டாலும் இழுக்கும், வாரண்டி கேட்டாலும் இழுக்கும். அந்த எண் பொய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அவரவர் இஷ்டத்துக்கு அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் ஜே2807 என்று பொது விதி ஒன்றை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் 11.4 மைல் ஏற்றம். வெளியே 100 டிகிரி வெயில். பாரத்தைக் கட்டிக்கொண்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்து, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட வண்டிக்கு 35. ஏசியை அணைக்கக் கூடாது என்று எழுதிவைத்த அந்த மகராசனுக்கு வீட்டில் நல்ல மனைவி வாய்த்திருக்க வேண்டும்.

அதே விதியில் இன்னொரு வரி. வண்டிக்குள் ஓட்டுநரும் துணைக்கு ஒருவரும், தலைக்கு 150 பவுண்டு என்று கணக்கு. அதாவது 68 கிலோ. அமெரிக்காவில் வருடக்கணக்காகக் குடியிருந்து, வாரக்கடைசி தவறாமல் பிறந்தநாள் விருந்துக்குப் போய்வரும் எந்தத் தமிழ்த் தம்பதி ஆளுக்கு 68 கிலோ இருக்கிறது? விரல் விட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரை டிரெய்லர் இழுத்தே தலை நரைத்தவர். வீட்டுக்காரர் மனசுக்குள் ரிஜிஸ்டர் பண்ணிவிட்ட டீசல் முக்கால் டன் வண்டியைப் பார்க்க அவரையும் கூட்டிப்போனோம். பானெட்டைத் திறக்கவில்லை. உள்ளே உட்காரவில்லை. டயரை உதைக்கவுமில்லை. நேராக ஓட்டுநர் கதவைத் திறந்தார், சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார், குனிந்து கதவு இடுக்கைப் படித்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர், நடுவில் மஞ்சள் பட்டை. ஆட்களும் சாமானும் சேர்ந்து 2,010 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது. அவ்வளவுதான். 912 கிலோ.

இழுப்பது வேறு, தாங்குவது வேறு. ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை வண்டியின் முதுகில் சாய்த்துவிடும். எங்கள் 12,000 பவுண்டு வீட்டுக்கு அது 2,400. அதாவது நாங்கள் யாரும் ஏறாமல், ஒரு கருவேப்பிலைக் கொத்துகூட ஏற்றாமல், ஓட்டுநரே இல்லாமல் வண்டி தானாக பிக் பெண்ட் போனாலும் 390 பவுண்டு அதிகம். பக்கத்தில் நின்ற விற்பனையாளர் அப்போதும், “இழுக்கும்” என்றார்.

அன்று ராத்திரி ஆண்டிபட்டியிலிருந்து வீட்டுக்காரரின் தாய்மாமன் பேசினார். குட்டியானை ஓட்டி, அதிலேயே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். எத்தனை குதிரை, என்ன டார்க் என்று இவர் அடுக்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. பாஸிங் எவ்வளவு?” என்றார். டெக்சாஸ் வெல்டர் கண்ணாடி போட்டுத் தேடியதை ஆண்டிபட்டி மாமா ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். 912 கிலோ என்றதும் போனில் சத்தமே இல்லை. மாமாவின் குட்டியானைக்கு, அதாவது 2005இல் வந்த டாடா ஏஸுக்கு இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை. அதன் பாஸிங் 750 கிலோ. இங்கே 475 குதிரைகள் சேர்ந்து அதைவிட 162 கிலோதான் கூடுதலாகச் சுமக்கின்றன. “பின்னாடி எத்தனை பட்டை?” என்று அடுத்துக் கேட்டார். நாங்கள் பார்த்த இன்னொரு முக்கால் டன்னான ராம் 2500இல் 2014 மாடலிலிருந்து பின்னால் பட்டை ஸ்பிரிங்கே கிடையாது, சுருள் ஸ்பிரிங்தான் என்று இவர் விளக்கினார். “சொகுசா உக்காந்து போறதுக்கு வாங்குறீங்க. சரி, சரி” என்று மாமா போனை வைத்துவிட்டார்.

இத்தனை குதிரை இருந்தும் ஏன் தாங்காது? சட்டத்தில் இந்த வகைக்கு 10,000 பவுண்டு ஒரு கோடு. கம்பெனிகள் முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பை அந்தக் கோட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. வண்டியின் சொந்த எடை போக மிச்சம்தான் நமக்கு. டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடச் சில நூறு பவுண்டு கனம். நாலு கதவு, நாலு சக்கர இழுவை, கண்ணாடிக் கூரை, மின்சாரத்தில் மடங்கும் படிக்கட்டு, முதுகு பிடித்துவிடும் இருக்கை, ஒவ்வொன்றும் அந்த மிச்சத்தில் கை வைக்கிறது. ஆக, காசு கூடக் கொடுக்கக் கொடுக்க வண்டி குறைவாகச் சுமக்கும். இதைப் பணக்கார வீட்டு மாப்பிள்ளைகளிடம் நான் முன்பே கவனித்திருக்கிறேன்.

பிறகு எக்செல் வந்தது. அதில் ஒரு பத்தி ‘ஆட்கள்’. வீட்டுக்காரர் தன் எடையைத் தானே எழுதிக்கொண்டார், ஐந்து வருடத்துக்கு முந்தைய எடை. பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து எடை பார்த்தார்கள். என் கட்டத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சாமான் பத்திக்குப் போகச் சொன்னேன். மாமியாரிடம் கேட்டபோது, “நான் என்ன பருத்தி மூட்டையா?” என்றார். சாமான் பத்தியிலும் சிக்கல். வெட் கிரைண்டர், 20 பவுண்டு அரிசி மூட்டை, குக்கர்கள், குடிதண்ணீர். டிரெய்லரைப் பூட்டும் இணைப்பே 200 பவுண்டு. “கிரைண்டரை விட்டுட்டுப் போவோமே” என்றார். பிக் பெண்ட் தோசை அந்த நிமிடமே பாக்கெட் மாவுக்கு இறங்கியது.

டீசலா பெட்ரோலா என்ற வழக்கை மாமியார் முடித்துவைத்தார். டீசலுக்குப் பத்தாயிரம் டாலர் அளவுக்கு அதிக விலை. மலை இறக்கத்தில் எஞ்சினே பிரேக் பிடிக்க உதவும், வருஷமெல்லாம் கனமாக இழுப்பவருக்கு அதுதான் சரி. பெரியவரே அப்படித்தான் சொல்வார். ஆனால் புகையைச் சுத்தம் செய்ய டெஃப் என்று தனியாக ஒரு திரவம் ஊற்ற வேண்டும். அது என்ன என்று மாமியார் கேட்க, யூரியாவும் தண்ணீரும் என்று சொல்லப்போய்விட்டார் மகன். “வயலுக்குப் போடுறதை வண்டிக்கு ஊத்துவியா? நெல்லு வெளையுமா அதுல?” வருடத்தில் ஐந்தாறு வாரக்கடைசி மட்டும் இழுக்கப்போகிற குடும்பத்துக்கு இதைவிடத் தெளிவான ஆலோசனையை நான் எந்த நிபுணரிடமும் கேட்டதில்லை.

முடிவில் ஒரு டன் வகை, பெட்ரோல், 7.3 லிட்டர் வி8, துணி இருக்கை. 430 குதிரை. மிச்சம் 45ஐ வீட்டுக்காரர் கனத்த மனத்தோடு லாயத்துக்குத் திருப்பி அனுப்பினார். 10,000 பவுண்டு கோட்டைத் தாண்டிய வண்டிக்கு அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. மொத்த வரம்பிலிருந்து காலி எடையை நாமே கழித்துக்கொள்ள வேண்டும். அதனால் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியை நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடைக்கு விடச் சொன்னார் பெரியவர். மேடையில் ஏற்றி, கம்பத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி, முதல் எடை என்று மைக்கில் சொன்னால் போதும். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் எல்லாம் சீட்டில் அச்சாகி வந்துவிடும். மாமியார் உற்சாகமாகிவிட்டார். கரும்பு லோடு பார்த்து வளர்ந்தவர். “காலி எடை போடுறப்ப டிரைவர் எறங்கிருவான். லோடு எடைக்கு ஏறி உக்காந்துக்குவான். அவனும் கரும்புக் கணக்குல போயிருவான்” என்று அமெரிக்க மண்ணில் தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தார். காலி எடை பார்த்தபின், நாங்கள் எல்லோரும் உள்ளே இருக்க ஒருமுறை, நானும் அத்தையும் இறங்கிய பின் ஒருமுறை எடை போட்டார்கள். கடைசி இரண்டு சீட்டையும் வீட்டுக்காரர் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து உதட்டை அசைத்துக் கழிக்க ஆரம்பித்ததும் மேல் சீட்டு என் கைப்பைக்குள் போய்விட்டது. அந்த மேடை இருபது இருபது பவுண்டாகத்தான் காட்டும், துல்லியம் கிடையாது என்று பெரியவர் எங்களுக்காகச் சாட்சி சொன்னார். நல்ல மனிதர்.

காலி எடை 7,280. வரம்பு 11,300. மிச்சம் 4,020 பவுண்டு. டிரெய்லரின் பாரம், இணைப்பு, ஐந்து பேர், கிரைண்டர் எல்லாம் அடங்கியது. வாங்கிவிட்டோம்.

வண்டி 21 அடி, எங்கள் கராஜ் 20. அதனால் வெளியேதான் நிற்கிறது. டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் விதி சொல்கிறது. வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம், அதுவரை டிரெய்லர் கிடையாது. இதற்கிடையில் தமிழ்ப் பள்ளி நாடகத்துக்கு அரண்மனைத் தூண்கள், பொங்கலுக்கு அண்டாக்கள், வீடு மாறும் நண்பர்களின் கட்டில்கள் என்று 430 குதிரைகளுக்கும் ஓய்வில்லை. ஹூஸ்டன் பக்கம் யாருக்காவது சோபா மாற்ற வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை சொல்லியனுப்புங்கள். பெட்ரோல் உங்கள் செலவு. மத்தியானச் சாப்பாடும்.