வெள்ளைப் பந்தில் பிழைப்பு நடத்துவது எப்படி?

முதல் தகுதி, பிறக்கும் இடம். சீனாவில் பிறக்கத் தவறியவர்கள் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறார்கள். டேபிள் டென்னிஸ் 1988-இல் ஒலிம்பிக்ஸுக்குள் வந்தது. அன்றிலிருந்து 2024 பாரிஸ் வரை வழங்கப்பட்ட 42 தங்கத்தில் 37 சீனர்கள் கையில். மிச்சம் ஐந்தைத்தான் உலகமே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வாய்ப்பு தவறிவிட்டதென்றால், சென்னையில், வீட்டுக்குள்ளேயே கோச் இருக்கிற குடும்பமாகப் பார்த்துப் பிறந்துவிடுங்கள். சரத் கமலுக்கு அப்பாவும் கோச், அப்பாவின் சகோதரரும் கோச். பத்து முறை தேசிய சாம்பியன் ஆனார்.

அடுத்து, வேலை தேடுங்கள். நிஜமான வேலை. நம் நாட்டில் இந்தப் பந்து பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடுகிறது: சரத்துக்கு இந்தியன் ஆயில், இன்னொரு வீரர் சத்தியனுக்கு ஓ.என்.ஜி.சி. தேசியப் போட்டியில் பெட்ரோலிய அணிக்காக ஆடி, வளர்த்த மாநிலத்தையே தோற்கடிக்கும் பேறும் உங்களுக்குக் கிட்டும். பெண் பார்க்கப் போகும்போது முதலில் கம்பெனி பெயரைச் சொல்லுங்கள். பேட் விவகாரத்தை நிச்சயதார்த்தம் முடிந்து மெல்ல அவிழ்க்கலாம்.

பேட் என்றதும் ஸ்டேஷனரி கடையில் தொங்குவதை நினைக்காதீர்கள். கட்டை தனி, ரப்பர் தனி. பசை தடவி, காயவிட்டு, குமிழி வராமல் உருட்டி ஒட்டி, ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்று வேறு நிறம். ரப்பரின் கனம் பசையோடு சேர்த்து 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பேட் செல்லாது. இத்தனையும் செய்து முடித்தால் சில வாரங்களில் ரப்பர் செத்துவிடும். பார்வைக்கு அப்படியே புதிதாக இருக்கும். ஸ்பின் மட்டும் போயிருக்கும். இதை அப்பாவுக்குப் புரியவைத்துப் பணம் வாங்குவதுதான் இந்த ஆட்டத்தின் மிகக் கடினமான சர்வீஸ்.

அந்த பேட்டைக் கீழே வைக்காதீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சீனாவின் வாங் சுச்சின் கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற சந்தோஷத்தில் இருந்தபோது, படம் எடுக்க முண்டியடித்தவர்களின் கால்பட்டு அவர் பேட் முறிந்தது. மறுநாள் மாற்று பேட்டோடு இறங்கிய அந்த உலக நம்பர் ஒன், ஸ்வீடனின் மோரேகார்டிடம் தோற்று ஒற்றையரை விட்டே வெளியேறினார்.

இனி மரியாதைகள். நீங்கள் அடித்த பந்து மேசை விளிம்பை உரசிக்கொண்டு போனால் பாயிண்ட் உங்களுக்கு. உடனே ஒரு விரலைத் தூக்கி எதிராளியிடம் மன்னிப்புக் கேளுங்கள். முகம் துக்க வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கட்டும். பாயிண்டைத் திருப்பித் தரச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை துண்டு எடுத்துத் துடைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எதிராளி வரிசையாக நாலு பாயிண்ட் எடுத்திருந்தால், காய்ந்த நெற்றியிலும் துடைக்க நிறைய இருக்கும். பொறுமையாகத் துடையுங்கள்.

எல்லாம் கைவந்த பிறகு விதியை மாற்றுவார்கள். 2000-இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001-இல் 21 பாயிண்ட் 11 ஆனது. மறுவருஷம் சர்வீஸில் பந்தை மறைக்கக் கூடாது என்றார்கள். 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. குறை சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து பழகுங்கள்.

ஓய்வுக்கு அவசரம் வேண்டாம். 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கிய சரத், 2022-இல் பர்மிங்காமில் 40 வயதில் அதையே மறுபடி வாங்கினார். லக்ஸம்பர்க்குக்காக ஆடும் நி சியாலியன் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆடியபோது வயது 61. முதல் சுற்றில் ஜெயிக்கவும் செய்தார். எண்ணெய் கம்பெனி உங்களை 60-இல் அனுப்பிவிடும். அதற்கப்புறம் ரப்பர் செலவு சொந்தப் பணம். பி.எஃப்-இல் இப்போதே கை வைக்காதீர்கள்.