ஏரி தூர்வாரும் படத்தின் திணை: ஒரு முன்னாய்வு

ஏரி தூர்வாரும் தன்னார்வலர்களைப் படம் பிடிப்பது பற்றித் தொல்காப்பியர் எதுவும் சொல்லவில்லை. கேமரா இல்லாத குறைதான். இலக்கணம் முழுவதும் அவரிடமே இருக்கிறது. ஒவ்வொரு திணையையும் முதல், கரு, உரி என்று அவர் பிரித்துக் கொடுத்ததை வைத்து, ஞாயிறுதோறும் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் படங்களை வகைப்படுத்தும் முயற்சியே இக்கட்டுரை.

முதற்பொருள், நிலமும் பொழுதும். ஏரியும் வயலும் மருதம் என்பதில் ஐயமில்லை. மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறை, விடியல். ஒளியின் கணக்கும் அதேதான். காலை ஏழு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழுகையில் சட்டியில் அள்ளிய சேறு பளபளக்கும். அள்ளுபவர் நெற்றி வியர்வை தனித்தனித் துளியாகத் தெரியும். ஆனால் சிறப்பு விருந்தினர் வருவது பதினொன்றரைக்கு. கலைந்தவர்களைக் கூட்டி, கழுவி வைத்த மண்வெட்டியை மறுபடி எடுத்துக் கொடுத்து நிற்க வைக்கிறார்கள். உச்சி வெயிலில் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குழி. தொப்பி போட்டவருக்கு மூக்குக்கு மேலே முகமே கிடையாது. நண்பகலைப் பாலைக்கு ஒதுக்கி வைத்தவர்கள் காரணத்தோடுதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கருப்பொருள் ஆய்வு சுலபம். மரம், சீமைக்கருவேலம். பூ, ஆகாயத்தாமரை. உணவு, டீயும் பொங்கல் பொட்டலமும். எருமை நின்ற இடத்தில் ஜேசிபி. மருதத்துக்குத் தெய்வம் வேந்தன். அந்தப் பீடத்தில் இப்போது எழுந்தருளியிருப்பது பேனர். எட்டடி ஃபிளெக்ஸுக்குப் பின்னால் ஏரி முழுவதும் மறைந்துவிடுவதால், படம் கல்யாண மண்டப வாசலில் எடுக்கப்பட்டதல்ல என்று நிறுவ வேறு சான்று தேட வேண்டியிருக்கிறது.

மரக்கன்று நடுவது இதன் கிளைத்திணை. ஒரு வேப்பங்கன்று, பதினோரு கைகள், ஒரு குவளைத் தண்ணீர்.

தன்னார்வலர்களில் மாணவர்களும் உண்டு. அவர்களுக்கான நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இன்று அதன் மாணவர்கள் எடுக்கும் படத்தில் கால் பங்கை அட்சரேகையும் தீர்க்கரேகையும் மேப் துண்டும் பிடித்துக்கொள்கின்றன. கல்லூரிகளை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்புக்கு ஜியோ டேக் வேண்டும். வருங்கால ஆய்வாளருக்கு இதைவிட நல்ல கல்வெட்டு கிடைக்காது. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் துல்லியம். என்ன வேலை நடந்தது என்பது மட்டும் தெரியாது.

ஊரே கூடி நீர்நிலையைச் செப்பனிட்ட வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. பழைய குடிமராமத்துக்குப் படம் கிடையாது. மழைக்குப் பின் தண்ணீர் நின்றதா என்பதே சாட்சி.

இனி உரிப்பொருள், அதாவது திணைக்குரிய உணர்வு. மருதத்துக்கு ஊடல் என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ! குழுப் படத்தில் விடுபட்டவர் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுகிறார். அவரையும் சேர்க்க ஃபோனின் 0.5 அகல லென்ஸை வைத்து எடுத்தால், ஓரத்தில் நின்றவரின் கன்னம் இழுபட்டு ஒருவர் இரண்டு ஆளாகிவிடுகிறார், அவருக்கும் ஊடல். நான்கடி பின்னால் நகர்ந்து சாதாரண லென்ஸிலேயே எடுத்தால் தீரும் சண்டை இது.

ஆகவே படம் எடுக்கப் பணிக்கப்பட்டவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழுப் படத்தை வேலை தொடங்குமுன்னே முடித்துவிடுங்கள். பிறகு பேனரைச் சுருட்டச் சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்குங்கள். சட்டி கை மாறும் நொடியில் யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள், அப்போது எடுங்கள். மதகின் மேல் ஏறி, கரையிலுள்ள பனையை ஓரத்தில் வைத்து, காய்ந்த ஏரியையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். டிசம்பரில் மழை ஓய்ந்ததும் அதே மதகிலிருந்து, அதே பனையை வைத்து இன்னொன்று அனுப்புங்கள். அதில் ஆட்கள் ஒருவரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.