படிப்பும் பட்டறிவும்: கேள்வி-பதில்

என் மகன் வகுப்பில் முதல் மாணவன். சந்தையில் நாலு காய் பார்த்து வாங்கத் தெரியவில்லை. அவன் புத்திசாலியா, இல்லையா?
*- வாசகி, சித்தூர்*

புத்திசாலிதான். பரீட்சையில் கேள்வியைத் தயாராகக் கொடுத்துவிடுகிறார்கள். சந்தையில் எதைக் கேட்பது என்பதையே நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒருநாள் பையையும் பணத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புங்கள். ஏமாந்து வந்தால் திட்டாதீர்கள். அந்த நஷ்டம் ட்யூஷன் ஃபீஸைவிடக் குறைவு.

கணக்கு எங்கே போட்டாலும் கணக்குதானே?
*- வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1985இல் வெளியான ஆய்வு அது. வியாபாரத்தின்போது மனக்கணக்கில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37 சதவீதம்தான். தாளில் தோற்ற பிள்ளையை மக்கு என்று சொல்லும் முன், அவன் கடைக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பிறகு எதற்குப் படிப்பு?
*- வாசகர், குமுளி*

உங்கள் மாவட்டத்து இடுக்கி அணையைப் பாருங்கள். வேட்டைக்கு வந்த எஸ்டேட் சூப்பிரண்டு டபிள்யூ.ஜே. ஜானுக்கு, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு பாயும் இடத்தைக் காட்டியவர் ஊராளிப் பழங்குடியைச் சேர்ந்த கொலும்பன். தண்ணீரின் பாரத்தை இரு மலைப் பாறைகளும் தாங்கும்படி வளைவாக அணை கட்டப் பொறியாளர்களின் கணக்கு தேவைப்பட்டது. 1976இல் திறந்தார்கள். கொலும்பன் இல்லாமல் இடம் தெரிந்திருக்காது. கணக்கு இல்லாமல் சுவர் நின்றிருக்காது. அங்கே அவருக்குச் சிலை வைத்திருப்பது நியாயம்.

அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். எல்லோரும் 'படிக்காதவர்' என்கிறார்கள்.
*- வாசகி, நெடுங்கண்டம்*

ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, விளைந்த காய் எல்லாம் சேர்ந்திருக்கும். பிஞ்சை நோகாமல் விட்டு, பழுத்து வெடிக்கும் முன் காயை எடுப்பது கண்ணும் விரலும் சேர்ந்து கற்ற பாடம். இடுக்கி மலைகளெங்கும் பரவிய ஞள்ளானி ஏல ரகமும் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

அம்மாவை நீங்கள் படிக்க வைக்க வேண்டாம். அவரிடம் நீங்கள் படியுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் படிப்புக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.