பலகை மாஸ்டர்

கொலோனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எந்தக் கட்டடத்தில் நடந்தாலும் அங்கே ஒரு பலகை மாஸ்டர் இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் வந்து சேர்ந்தவர். கிழமை நாட்களில் நீல் பக்கம் ஃபோர்ட் தொழிற்சாலையிலோ, பழைய நகரத்தில் ஏதாவது உணவகத்தின் சமையலறையிலோ அவரைப் பார்க்கலாம். அங்கே அவர் சாதாரண மனிதர். சனிக்கிழமை காலை சேர்ட்டை மடித்து உள்ளே விட்டு, தோளில் கறுப்புப் பையோடு ட்ராமை விட்டு இறங்கும்போதுதான் மாஸ்டர் ஆகிறார்.

அந்தப் பைக்குள் பாடப்புத்தகத்தைத் தேடாதீர்கள். எச்.டி.எம்.ஐ. வயர் இருக்கும்: குட்டை ஒன்று, நெட்டை ஒன்று, எதுக்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. உலகம் கைவிட்ட வி.ஜி.ஏ. வயரும் இருக்கும். நாலைந்து யு.எஸ்.பி. குச்சி, எக்ஸ்டென்ஷன் வயர், திரை துடைக்க மூக்குக்கண்ணாடிக் கடைத் துணி. மற்ற ஆசிரியர்களுக்கு மணி அடித்தால் பாடம் தொடங்கும். இவருக்குத் திரையில் வெளிச்சம் வந்தால்தான் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் சில நாட்களில் ஒரு பாடவேளையே போய்விடும்.

அவருடைய நெருக்கடியும் சின்னதல்ல. ஜெர்மனியில் பள்ளிக்கூடம் மாநிலங்களின் பாடு. மத்திய அரசு அதற்குள் காசோடு நுழையவே அரசியலமைப்பில் வழி வெட்ட வேண்டியிருந்தது. 2019-இல் 104சி பிரிவைத் திருத்தி, ‘டிஜிட்டல்பாக்ட்’ என்ற பெயரில் ஐந்து ஆண்டுகளுக்கு 5 பில்லியன் யூரோ ஒதுக்கினார்கள். வைஃபை, கணினி, தொடுதிரைப் பலகை எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. வந்த பிறகு கேள்வி, யார் பார்த்துக்கொள்வது? கட்டடமும் பலகையும் நகரசபையுடையவை, ஆசிரியர் மாநிலத்துடையவர், சனிக்கிழமை மட்டும் வருகிற நாங்கள் ஒருவருடையவரும் அல்ல. ஆகவே பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் எங்களுக்குக் கதவுத் திறப்பைத் தருவார், பலகையைத் திறக்கிற ‘பின்’ நம்பரைத் தரமாட்டார்.

ஹவுஸ்மைஸ்டர் கெட்டவர் அல்ல. அசல் கொலோன்காரர். இந்த ஊர்க்காரர் வேடிக்கைக்குத் தமக்கென்றே 11 பிரிவுகளோடு ஓர் ‘அடிப்படைச் சட்டம்’ வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவு, இருக்கிறது இருக்கிறபடி இருக்கும். இரண்டாவது, வருகிறது வருகிறபடி வரும். மூன்றாவது, இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது. பலகை எழும்பவில்லை என்று மாஸ்டர் போய் நின்றால் அவர் மூன்றாவது பிரிவைச் சொல்லிவிட்டுக் கோப்பியை உறிஞ்சுவார். மாஸ்டர் திரும்பி வந்து முதலாவது பிரிவின்படி நடந்துகொள்வார்.

பின் நம்பர் கிடைக்காத புதுத் திரைக்கு மாற்றாக, மாடியில் ஒரு பழைய பலகை உண்டு. வெள்ளைப் பலகைக்கு மேலே ப்ரொஜெக்டர் தொங்குகிற சாதி. அதற்குப் பின் நம்பர் கிடையாது, பிடிவாதம் உண்டு. ப்ரொஜெக்டர் விரற்கடை அசைந்தாலும், விரல் ஓரிடத்தில் தொட எழுத்து இன்னோரிடத்தில் விழும். அதைத் திருத்த, திரையில் வரிசையாகத் தோன்றுகிற கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாக நடுவில் தொட வேண்டும். மாஸ்டர் இதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றுவார். மூச்சைப் பிடிப்பார். சுட்டுவிரலை நீட்டி, சந்நிதியில் விபூதி எடுக்கிற பக்குவத்தோடு தொடுவார். கடைசிக் குறிக்கு வந்த நேரம் பின்வாங்கில் யாராவது தும்முவார்கள். திரும்ப முதலில் இருந்து.

ஒரு சனிக்கிழமை அவர் கொண்டுவந்தது உறைவிடப் பாடம். சிங்கத்துக்குக் குகை, எலிக்கு வளை, கிளிக்குப் பொந்து, மாட்டுக்குத் தொழுவம். படத்தை விரலால் இழுத்து வீட்டுக்குள் விட வேண்டும், சரியென்றால் பலகை கைதட்டும். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து கண்விழித்துச் செய்தது. முதல் இழுவையிலேயே சிங்கம் எலி வளைக்குள் போய்ப் படுத்தது. மாஸ்டர் வெளியே இழுத்தார், எலி கூடவே வந்தது.

“மாஸ்டர், நான் வந்து செய்யட்டா?”

“தொடாதேங்கோ! அது சென்சர்.”

இந்தப் பலகைகள் 1991-இல் கனடாவில் விற்பனைக்கு வந்தபோது விற்றவர்கள் சொன்ன பெருமை, விரலாலேயே இயக்கலாம் என்பது. பிள்ளைகளும் எழுந்து வரலாம், இழுக்கலாம், எழுதலாம் என்றுதான் பள்ளிகள் அதை வாங்கின. எங்கள் மாஸ்டரின் கணக்கில் ஊடாட்டம் என்பது அவருக்கும் பலகைக்கும் நடுவில் நடப்பது. பிள்ளைகள் பார்வையாளர். நல்ல பார்வையாளர் என்றும் சொல்ல வேண்டும், சிங்கம் வளைக்குள் போனபோது அவர்கள் சிரித்த சிரிப்புக்கு ஹவுஸ்மைஸ்டரே எட்டிப் பார்த்தார்.

எழுத்துப் பாடம் இன்னும் விசேஷம். இந்தப் பலகை புள்ளியை எழுத்தாக எடுப்பதில்லை. சும்மா தொட்டதாக நினைத்துக்கொள்ளும். ஆகவே அம்மா ‘அமமா’ ஆனாள், அப்பா ‘அபபா’ ஆனார். வேண்டாம், தட்டச்சிலேயே கொண்டுவருகிறேன் என்று அடுத்த கிழமை பாடம் முழுக்கப் பாமினியில் அடித்து வந்தார். பாமினி தெரியாத இளையவர்களுக்கு: ஈழத்தவர் வீடுகளில் ஒரு காலம் கல்யாண அழைப்பிதழ் முதல் கண்ணீர் அஞ்சலி வரை அடித்துக் கொடுத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். ‘தமிழ்’ என்று தலைப்பு வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி.

“மாஸ்டர், இது உங்கட பாஸ்வேர்டா?” என்றான் ஒருவன்.

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். அன்றைக்கு இரவே வீட்டு வைஃபைக்கு அதையே வைத்துவிட்டார் என்று அவர் மனைவி பிறகு சொன்னா.

கல்விப் பொருட்களுக்கான டிடாக்டா கண்காட்சி வருஷா வருஷம் ஊர் மாறும். கொலோனின் முறை 2024 பெப்ரவரியில் வந்தது. ஆற்றின் டொய்ட்ஸ் கரையில், கதீட்ரலுக்கு எதிர்ப்பக்கம், மண்டபம் மண்டபமாகப் பலகைகள். மாஸ்டர் லீவு போட்டுவிட்டுப் போனார். ஒரு கடையில் புதுத் திரையின் கெட்டித்தனத்தைக் காட்டினார்கள். கையால் கோணலாக வட்டம் கீறினால் அது தானாகவே நேர்வட்டம் ஆகிவிடும். மாஸ்டர் பேனையை வாங்கி ‘பாடம்’ என்று எழுதினார். ‘ப’ பெட்டியாக மாறி மூடிக்கொண்டது. விற்பனைப் பெண் மிக அழகாக இருக்கிறது என்றாளாம். மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. “பிழை எங்கட எழுத்திலதான், கொஞ்சம் வளைச்சு எழுதியிருக்கோணும்” என்றார் எங்களிடம். யந்திரத்தின்மேல் குற்றம் காண அவருக்கு மனம் வராது. அந்தப் பரிவில் பாதியை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்துக்கும் காட்டலாம் என்பது என் கட்சி.

லண்டன் பள்ளிகளில் இந்தப் பலகைகளை வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2007-இல் வந்தது. பிள்ளைகளின் புள்ளிகள் அதனால் உயர்ந்ததாக முதல் ஆண்டில் தெரியவில்லை, புதுப்பொருள் மோகமும் கெதியிலேயே அடங்கிவிட்டது என்றது அது. ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “அவையள் மலிவு வயர் பாவிச்சிருப்பினம்” என்றார் மாஸ்டர்.

நான் அடுத்த அறையில் படிப்பிக்கிறேன். என்னுடையது ஈரத்துணியும் சோக்கும். நடுவில் ஒரு பச்சைப் பலகை, இரண்டு பக்கமும் இறக்கை. என் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பார்கள், எழுதுவார்கள், கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தமிழ் கேட்கும். பலகை படுத்துவிட்டால் பதினாலு பிள்ளைகளும் ஒன்றாக எழும்புவார்கள்.

“மாஸ்டர், அந்த வயர் இல்லை, மற்றது!”

“களட்டிப்போட்டுத் திரும்பக் கொழுவுங்கோ!”

“பொறுங்கோ, இப்ப அமத்தாதேங்கோ!”

“அங்க பாருங்கோ, வருது... வருது... போட்டுது!”

ஒரு ஜெர்மன் சொல் இல்லை. வேற்றுமை உருபு பிசகவில்லை. பலகை வேலை செய்கிற நாட்களில் அந்த அறையும் என் அறை மாதிரியே அமைதியாகிவிடும்.

ஆண்டிறுதிச் சோதனைத் தாள்களை இந்த முறை மாற்றித் திருத்தினோம். அவருடைய வகுப்பு எனக்கு வந்தது. மூன்றாம் கேள்வி, ‘ஏவல் வினைகள் ஐந்து எழுதுக’. புத்தகத்தில் இருப்பது வா, போ, படி, எழுது, ஓடு. அவர் பிள்ளைகள் எழுதியிருந்தவை: கொழுவு, களட்டு, இழு, அமத்து, பொறு. தாளுக்குத் தாள் இதே ஐந்து. பார்த்து எழுதினார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன், பிறகு ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டே போனேன். ஒருத்தி மட்டும் கேட்காத ஆறாவதையும் சேர்த்து, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்: தொடாதே.